மூத்த வண்டியின் பயம்

மாமனார் கண்ணை மூடியபோது நரிமேட்டு ஏலக்காய்த் தோட்டத்தை இரண்டு மகள்கள் பேரிலும் எழுதிவைத்துவிட்டு, இரண்டு மருமகன்களுக்கும் சேர்த்து ஒரு ஓட்டை ஜீப்பை விட்டுப்போனார். மனிதர் விவரமானவர். யாரிடம் எதை ஒப்படைக்கலாம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மூத்த மருமகன் செண்பகராஜ், போடியில் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இளையவர் தனுஷ்கோடிக்குப் பெரிய கடைவீதியில் பாத்திரக்கடை. ஜீப் வந்து வாசலில் நின்ற அன்றே இரண்டு சகலைகளுக்கும் முட்டிக்கொண்டது. அதைச் சீர்படுத்தி ஓட்டலாம் என்றார் தனுஷ்கோடி. காயலான் கடையில் தள்ளிவிட்டு, காடு மேடெல்லாம் ஏறுகிற புது வண்டி வாங்கலாம் என்றார் செண்பகராஜ்.

மனிதன் ஸ்டீயரிங் பிடித்து வண்டி ஓட்டுவதை அரசாங்கம் நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பழைய வண்டிகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அது முழுக்க முழுக்கப் பழம்பொருளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் வண்டி பிறந்த காலத்ததாக இருந்தால் ஓட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு டூப்ளிகேட் வாஷர் இருந்தாலும் பெர்மிட் கிடையாது. சட்டம் எழுதிய அதிகாரிக்கு ஜீப்பும் தெரியாது, துருவும் தெரியாது என்பது முதல் வரியிலேயே விளங்கிவிடும். ஆனால் தனுஷ்கோடிக்கு அந்தச் சட்டம் வேதமாகப் போயிற்று.

"ஒரிஜினல்னா ஒரிஜினல்தான் சகல. பொறுமை வேணும்" என்பார்.

பொறுமைக்கு என்ன பஞ்சம். ஜீப்பை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் கடைக்குப் பின்னாலிருந்த கிட்டங்கியில் பரப்பிவைத்தார். கியர்பாக்ஸ் ஒரு மூலையில், கதவு ஒரு மூலையில், பித்தளை அண்டாவுக்குள் கார்புரேட்டர். தினமும் காலையில் கடை திறக்கும்முன் அதற்கெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைப்பார். உலகத்தில் எந்த மூலையில் பழைய ஜீப் செத்தாலும் அதன் எலும்பை வாங்க இவருடைய ஆள் ஒருவர் அங்கே நிற்பார். பார்சல் வரும், இவர் பிரித்துப் பார்ப்பார், அது அடுத்த வருடத்து மாடலாக இருக்கும், திருப்பி அனுப்புவார். வண்டி மட்டும் ஒரு அடி நகரவில்லை.

செண்பகராஜ் இந்தக் கூத்தையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு மேரு வாங்கினார்.

மேரு என்றால் சாதாரண வண்டி இல்லை. மூன்று டன் எடை, இடுப்பு உயரத்துக்குச் சக்கரம். ஸ்டீயரிங் கிடையாது. "சொன்னால் போதும், சிகரம் ஏறும்" என்று விளம்பரம். வாங்குகிறவர்களுக்கு அரசாங்க மானியம் வேறு. மாவட்டத்திலேயே முதல் மேரு தன்னுடையது என்பதில் செண்பகராஜுக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. பேரன் பிறந்தபோதுகூட அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கம்பெனிக்காரர்கள் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முதல் நாள் வண்டியை நேராகச் சேற்றுக்கும் பாறைக்கும் கொண்டுபோங்கள், எது கஷ்டம், எதற்குப் பயப்படவேண்டும், எதற்குப் பயப்படவேண்டாம் என்பதை அது அன்றைக்குத்தான் உங்களிடம் கற்றுக்கொள்ளும் என்றார்கள். செண்பகராஜ் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வண்டியை நேராகப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனார். புது வண்டியை வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் சேற்றுக்கா கொண்டுபோவான் ஒருவன்?

அங்கே நடந்த அமர்க்களத்தைக் கேட்கவேண்டுமா. பானெட்டில் சந்தனம், கேமராக் கண்களில் குங்குமம், நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். சூடம் காட்டிப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். கூடியிருந்த சனத்தில் யாராவது வண்டியின் மேல் கை வைத்தால் போதும், செண்பகராஜுக்கு உயிர் போய் உயிர் வரும். "ஏப்பா, மோதிரத்தைக் கழத்திட்டுத் தொடு, கோடு விழுந்துரும்" என்று ஒவ்வொருவரையாக விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டியின் முறுக்குப்பை கதவில் உரசியபோது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து ஐயரே பயந்துபோனார். அன்று முழுக்க அவர் மணிக்கட்டில் கம்பெனி கொடுத்த கைப்பட்டை இருந்தது. நாடித்துடிப்பை ஒன்றுவிடாமல் அது வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அவரைப் பொறுத்தவரை அது வெறும் கடிகாரம், அதற்குப் பிறகு அதைக் கழற்றவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் மேரு ஓடியது. கல்யாணத்துக்குப் போனது, காதுகுத்துக்குப் போனது, மதுரைக்குப் போய்த் திரும்பியது. நரிமேட்டுத் தோட்டத்துக்கு மட்டும் போகவில்லை. மனைவி இந்திராணியும் அவள் தங்கை பாமாவும்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள். காய் எடுப்பு நேரத்தில் இருவரும் வேலையாட்களோடு டிராக்டர் டிரெய்லரில் ஏறி மலைக்குப் போவார்கள். இந்த முறையும் ஐப்பசிப் பிறப்பில் கிளம்பும்போது இந்திராணி கேட்டாள்.

"என்னங்க, நம்ம வண்டியில கொண்டுபோயி விடலாம்ல? பாமாவுக்குச் சர்க்கரை, டிரெய்லர்ல குலுங்கிக்கிட்டு வரமுடியல அவளுக்கு."

"மேகம் கறுத்துக் கெடக்கு. பாதையெல்லாம் சகதியா இருக்கும்மா" என்றார் செண்பகராஜ்.

இந்திராணி வண்டியை ஒரு தடவை பார்த்தாள், இவரை ஒரு தடவை பார்த்தாள். டிரெய்லரில் ஏறிப் போய்விட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மலைப்பாதை நடுவில் மண் சரிந்தது. அடுத்த நாள் காலை இந்திராணி போன் செய்தாள். பாதிப் பேச்சுதான் கேட்டது.

"பாமாவுக்கு இன்சுலின் தீந்துபோச்சுங்க. நேத்துக் காலையில போட்டதுதான் கடைசி. கண்ணத் தொறக்க மாட்டேங்குறா. பெரியாஸ்பத்திரியில சொல்லி ஆம்புலன்ஸ் கெளம்பிருச்சாம், இன்னும் வரல. சாயங்காலத்துக்குள்ள ஊசி வந்தாகணும்…"

லைன் அறுந்துபோனது.

செண்பகராஜ் வாசலுக்கு ஓடினார். அவர் செருப்பை மாட்டும்போதே தனுஷ்கோடி ஓடிவந்தார். பாமா அவர் மனைவி, அவருக்கும் செய்தி வந்திருந்தது. சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார், கையில் அன்று காலை வந்த ஒரு பார்சல் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் மேருவில் ஏறினார்கள். தனுஷ்கோடி அந்த வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை.

தார்ச்சாலை முடியும்வரை மேரு சமர்த்தாகப் போனது. மண் சரிந்த இடம் வந்தது. பாதையை அறுத்துக்கொண்டு காட்டுவெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. அங்கே ஏற்கனவே ஒரு ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. அதுவும் மேருதான், வெள்ளைப் பெயின்ட் அடித்த மேரு. அதன் பக்கத்தில் பௌசியா என்ற நர்ஸ் மருந்துப் பெட்டியை அணைத்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து நின்றிருந்தாள்.

"காலையிலேருந்து இங்கதாண்ணே நிக்கிறேன்" என்றாள். "வண்டி போகமாட்டேங்குது. இன்னும் தயாராகலைன்னே சொல்லிக்கிட்டு இருக்கு. காத்து அடிக்கிறதுல ட்ரோனும் பறக்காதாம்."

"நான் எடுத்துட்டு நடந்து போறேன், குடும்மா" என்று தனுஷ்கோடி கை நீட்டினார்.

"அந்தத் தண்ணியப் பாருங்கண்ணே. மனுசன் கால் நிக்காது. இந்த ஊர்க்காரங்க ரெண்டு பேர் இறங்கிப் பாத்து, மத்தவங்க கயிறு போட்டு இழுத்தாங்க. மூணு டன் வண்டின்னா நிக்கும், கடந்துரும். ஆனா அதுக்கு அது போகணும்ல."

செண்பகராஜ் தன் வண்டியைப் பார்த்துக் கட்டளையிட்டார். "மேரு, போ. மேல ஏறு."

"மன்னிக்கவும்" என்றது மேரு, செய்தி வாசிக்கிற குரலில். "இன்னும் தயாராகவில்லை. எலுமிச்சம்பழம் வைக்கப்படவில்லை. சூடம் காட்டப்படவில்லை."

தனுஷ்கோடி இவர் முகத்தைப் பார்த்தார். செண்பகராஜ் தரையைப் பார்த்தார். பௌசியாவுக்கு ஆச்சரியமே இல்லை. "என்னோடதும் அதேதான் கேட்டுச்சு. பக்கத்துக் கடையில பழம் வாங்கி வச்சேன். சூடம்தான் மழையில நிக்கல" என்றாள்.

பிறகு அங்கே நடந்தது பார்க்கச் சகிக்காத காட்சி. மலைமேல் ஒருத்தி மயங்கிக் கிடக்கிறாள், கீழே இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே குடைக்குள் குந்திக்கொண்டு இரும்பு எருமைக்குச் சூடம் கொளுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வழியாகப் பற்றியது. மேரு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு சேற்றில் இறங்கியது. தனுஷ்கோடி கையெடுத்துக் கும்பிட்டார். சரிவின் ஓரத்திலிருந்து ஒரு உண்ணிச்செடிக் கிளை கதவுப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் முன்னால் மேரு நின்றுவிட்டது.

"கிளை" என்றது. மெதுவாகப் பின்னால் வந்து பழைய இடத்திலேயே நின்றது.

செண்பகராஜ் கம்பெனிக்குப் போன் போட்டார். மதுரை சர்வீஸ் சென்டரிலிருந்து ஜாய்ஸ் என்ற பெண் எடுத்தாள். அவர் கத்திய கத்தலை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"சார், வண்டி நல்லாத்தான் இருக்கு. அது கத்துக்கிட்டபடி நடக்குது. முதல் நாள் நீங்க எங்க கொண்டுபோனீங்க?"

"கோயிலுக்கு."

"அன்னைக்கு உங்க நாடித்துடிப்பு ரெக்கார்டு என் முன்னாடி இருக்கு சார். வண்டிக்குப் பக்கத்துல ஏதாவது வந்தாலே எகிறுது. மோதிரம், கைப்பை, பூக்கூடை எதுவா இருந்தாலும். சூடம் காட்டி எலுமிச்சம்பழம் வச்சதும் அடங்குது. அதனால அது என்ன புரிஞ்சுக்கிச்சுன்னா, உலகத்துலயே பெரிய ஆபத்து பெயின்ட்ல கோடு விழுறது. அதுக்குப் பரிகாரம் எலுமிச்சம்பழம்."

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் தனுஷ்கோடிக்கும் எல்லாம் கேட்டது. "அது சரிம்மா, அது இவரு வண்டி. ஆம்புலன்சுக்கு என்ன கேடு?"

ஜாய்ஸ் கொஞ்சம் தயங்கினாள். "ஒரு மாவட்டத்துல முதல்ல போற வண்டிக்கு மூத்த வண்டின்னு பேரு சார். அது கத்துக்கிட்டது பின்னாடி வர்ற எல்லா வண்டிக்கும் போகும். உங்க மாவட்டத்துல சாரோட வண்டிதான் மூத்தது. பேரிடர் வந்தா வண்டியத் தானாவே அனுப்பணும்ங்கிற கண்டிஷன்லதான் மானியமே கொடுத்தாங்க. மண்ணு சரிஞ்சதும் எல்லா மேருவையும் கூப்பிட்டாச்சு. நரிமேட்டுல மாட்டியிருக்குற ஆளுங்களை இறக்க நூத்துச் சொச்சம் வண்டி வரணும். எல்லாம் அவங்கவங்க ஷெட்டுல நின்னுக்கிட்டு எலுமிச்சம்பழம் வரலைன்னு பதில் அனுப்புது."

செண்பகராஜ் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். ஊரெல்லாம் முதல் வண்டி, முதல் வண்டி என்று அவர் சொல்லித் திரிந்ததற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று யார் கண்டார்கள். அவருடைய நெஞ்சு ஒரு முறுக்குப்பைக்காகப் படபடத்தது மாவட்டம் முழுக்கப் பரவி, மலைமேல் கிடக்கிற அத்தனை பேரையும் கட்டிப்போட்டிருந்தது. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"மாத்த முடியாதாம்மா?"

"நாங்க மாத்த முடியாது சார், பூட்டி வச்சிருக்கு. நீங்க மாத்தலாம். மறுபடி கத்துக்கொடுங்க. கோடு விழுந்தா ஒண்ணும் ஆகாதுன்னு அதுக்குக் காட்டுங்க."

"எப்படிக் காட்டுறது?"

"கோடு போட்டுத்தான் சார்."

 செண்பகராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் சாவிகூடக் கிடையாது, மேருவுக்குச் சாவி ஏது. தனுஷ்கோடி கையிலிருந்த பார்சலைப் பிரித்தார். உள்ளே பஞ்சில் பொதிந்து ஒரு இரும்புக் கொக்கி. ஜீப் பானெட்டைப் பூட்டுகிற கொக்கி, அசல், அதே வருடம், அதே மாடல். அதற்காக அவர் எத்தனை பேர் காலில் விழுந்திருப்பார் என்று செண்பகராஜுக்குத் தெரியும். தனுஷ்கோடி அதை நீட்டினார்.

செண்பகராஜ் கொக்கியின் முனையைப் பானெட்டில் வைத்து இழுத்தார். கிறீச்சென்ற சத்தத்தில் அவருக்குப் பல் கூசியது. மணிக்கட்டில் பட்டை சிவப்பாக மின்னியது. மேரு ஹாரன் அடித்துக்கொண்டு பத்தடி பின்னால் போய்விட்டது. பார்த்தால் ஆம்புலன்சும் அதே மாதிரி அலறிக்கொண்டு பின்வாங்குகிறது.

"பதறுறீங்க சார்" என்றாள் ஜாய்ஸ். "பதறிக்கிட்டே கீறினா அது இன்னும் பயந்துரும். நீங்க வருத்தப்படாம கீறணும்."

"வருத்தப்படாம எப்படிம்மா கீறுறது? என் வண்டிம்மா."

"அது எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது சார்."

இரண்டாவது தடவையும் பட்டை சிவந்தது. மூன்றாவது தடவையும். கையை நடுங்காமல் வைத்துக்கொள்ளலாம், நெஞ்சை என்ன செய்வது. கடவுளை வேண்டிப் பார்த்தார், மூச்சை அடக்கிப் பார்த்தார். நாடி அதன் பாட்டுக்கு ஓடியது.

தனுஷ்கோடி சாலையோரச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது குத்தலாகச் சொல்வார். செண்பகராஜ் அதற்குத்தான் காத்திருந்தார். ஆனால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு எதையோ சொன்னார்.

"முந்தாநாள் போன் பண்ணா சகல. அப்ப ரோடு நல்லா இருந்துச்சு. நான் பார்சல் வந்துருச்சான்னு கேக்கக் கூரியர்க்காரனைப் பிடிக்கப் போய்க்கிட்டு இருந்தேன். அப்புறம் பேசுறேன்னு வச்சுட்டேன். ஊசி தீரப்போகுதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டிருக்கா. அவளுக்கு நான் திருப்பிப் பேசவே இல்ல."

அவர் அழுதார். வாய்விட்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். இந்த மனிதர் என்றைக்காவது தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கவேண்டும் என்று செண்பகராஜ் எத்தனையோ வருடமாக ஆசைப்பட்டிருக்கிறார். பார்த்தபோது தாங்கமுடியவில்லை. டிரெய்லரின் விளிம்பைப் பிடித்து ஏற முடியாமல் பாமா இரண்டு தடவை சறுக்கியது நினைவுக்கு வந்தது. அப்போது இவர் வாசலில் நின்று மேருவின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துணியைக் கீழே போட்டுவிட்டு ஒரு கை கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

"நானும்தான் சகல" என்றார். "நான் கண்ணு முன்னாடியே பாத்துக்கிட்டு நின்னேன்."

அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். டிரெய்லரைப் பற்றி, மேகத்தைப் பற்றி, இந்திராணி பார்த்த பார்வையைப் பற்றி. பேசுகிற வேகத்தில் கை அதன் போக்கில் போயிற்று. பானெட்டிலிருந்து கண்ணாடிவரை, கண்ணாடியிலிருந்து கதவுவரை, கதவிலிருந்து பின்சக்கரம்வரை நீளமாக ஒரு கோடு. கொக்கி வளைந்து ஒடிந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"சார்" என்றாள் ஜாய்ஸ். "நாடி எறங்கிருச்சு சார்."

மேரு கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு யாரும் சொல்லாமலே முன்னால் போனது. உண்ணிச்செடிக்குள் புகுந்து, கிளை கதவை பறட் பறட்டென்று பிறாண்ட, சேற்றைக் கிழித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. ஆம்புலன்ஸ் அதன் பின்னாலேயே கிளம்ப, பௌசியா ஓடிப்போய்த் தொற்றி ஏறிக்கொண்டாள். தனுஷ்கோடியும் ஏறப்போனார். அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. இரண்டு வண்டியும் அக்கரை ஏறி மேகத்துக்குள் மறைந்தன.

சகலைகள் மழையில் நின்றார்கள். செண்பகராஜின் போன் அடித்தது. வக்கீல் ஒருவர்.

"செண்பகராஜ், உங்க வண்டி வீட்டுல இருக்கா? எங்க வண்டிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுய்யா. தானா ஸ்டார்ட் ஆகி, காம்பவுண்டுச் சுவத்துல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிவரைக்கும் உடம்பத் தேச்சுக்கிட்டுத் தெருவுல ஓடிருச்சு."

அடுத்து நகைக்கடைக்காரர். அடுத்து பேங்க் மேனேஜர். செண்பகராஜ் எல்லோருக்கும் அப்படியா, அப்படியா என்று மட்டும் சொன்னார். கடைசியில் போனை அணைத்துப் பையில் போட்டார்.

அரைமணி நேரத்துக்கெல்லாம் கீழேயிருந்து அவை வர ஆரம்பித்தன. வளைவுக்கு வளைவு மேரு, ஒவ்வொன்றின் விலாவிலும் புத்தம் புதுச் சிராய்ப்பு. ஒன்றில் வாயிற்கதவின் கம்பி ஒன்று மாட்டித் தொங்கியது. உள்ளே ஒரு மனிதனும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றில் இறங்கி, தண்ணீரைக் கடந்து, நரிமேட்டுக்கு ஏறிப்போயின. தனுஷ்கோடி முதலில் எண்ணிக்கொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார்.

வெளிச்சம் மங்கும் நேரம் ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது. பௌசியா கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"ஊசி போட்டாச்சுண்ணே, ட்ரிப்ஸ் ஏறுது. கண்ணு முழிச்சு முதல் பேச்சா, அந்த ஆளு எங்கன்னு கேக்குறாங்க. ஏறுங்க."

தனுஷ்கோடி ஏறினார். ஏறும்போது செண்பகராஜின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டார்.  ஆம்புலன்ஸ் போயிற்று.

அதன் பின்னால் செண்பகராஜின் மேரு வந்தது. அதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. ஜன்னல் உயரத்துக்குச் சேறு, ஒரு பக்கக் கண்ணாடியைக் காணோம். பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் இன்னும் பிரிக்காத சீட்டில் வேலையாட்கள் மடிக்கு மடி உட்கார்ந்திருந்தார்கள். கூரைமேல் ஏலக்காய் மூட்டை. பின்னால் ஒரு ஆடு தலையை நீட்டிக்கொண்டு மழையை நக்கியது. முன்சீட்டில், யாருடைய கைக்குழந்தையையோ மடியில் போட்டுக்கொண்டு இந்திராணி.

மேரு வேகம் குறைத்தது. கண்ணாடி இறங்கியது. இந்திராணி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். நனைந்த வேட்டி, செருப்பைச் சேற்றில் விட்ட வெறுங்கால், கையில் ஒடிந்த ஒரு கொக்கி.

"பாமா எந்திரிச்சு உக்காந்துட்டா" என்றாள்.

"சொன்னாங்க" என்றார் செண்பகராஜ்.  கதவுப் பக்கம் கை நீட்டினார்.

"வண்டி நெறைஞ்சிருச்சுங்க. பின்னாடி வர்றதுலயும் எடமில்ல, மேல இன்னும் ஆளுக நிக்கிறாங்க" என்றாள் இந்திராணி. "தார் ரோடுதான, ஓரமா நடந்து வந்துருங்க."

அவர் நகர்ந்து பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்டார். மேரு அவர் மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. அவருக்குக் கோபம் வரவில்லை. வாங்கி மூன்று வருடத்தில், தன் வண்டி மலைப்பாதையில் ஓடுவதை அவர் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. வளைவு திரும்பும்வரை பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.